கொசுவலைக்குள் ஒரு வாழைக்கன்று

செய்தி மல்லிகைப் பூவோடு வந்தது. நிலக்கோட்டைப் பூ வண்டி திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குள் நுழையும் நேரத்தில் நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். உத்தியோகத்தில் இருந்தபோது அந்த வண்டிகளைச் சோதனை போட்ட பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் கால் தானாக அங்கே போய்விடுகிறது. அன்று வண்டியோட்டி பரமன் கூடைகளை இறக்காமல் நேரே என்னிடம் வந்தான். "ஞானம் சார் போயிட்டாருய்யா. இனி நம்ம வண்டிய மறிக்க ஆளில்ல" என்றான். அந்த மனிதர் மறித்த மறிப்புக்கும் கலைத்த மூட்டைகளுக்கும் இவன் இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். நானும் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞானப்பிரகாசம் சாரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் விவசாய இலாகாவில் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவர் பாடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்பார்கள். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறும் பூதக்கண்ணாடியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தொங்கும். எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. வழியில் ஒரு வாழை மரம் இருந்தால் போதும், குனிந்து இலைக்காம்பைப் பார்க்காமல் தாண்ட மாட்டார். எங்கள் பக்கத்தில் வாழை இல்லாத வழி ஏது?

அவர் காவல் காத்தது சிறுமலை வாழையை. அந்தப் பழத்தின் மணம் தெரியாமல் திண்டுக்கல்லில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. அதற்கு எமனாக வந்தது முடிக்கொத்து நோய். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒரு கறுப்பு அசுவினிப் பூச்சி அதைப் பரப்பும். நோய் கண்ட வாழையின் இலைகள் குறுகி உச்சியில் துடைப்பம்போல் நிமிர்ந்து நிற்கும், குலை தள்ளாது. மருந்து கிடையாது. இலங்கையில் அது வெகுகாலமாக உண்டு. அங்கிருந்து யாரோ ஆசையாகக் கொண்டுவந்த கன்றோடு கடல் தாண்டி கேரளத்துக்கு வந்தது. கேரளத்திலிருந்து நம் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நானோ மத்திய கலால், சுங்க இலாகாவில் இன்ஸ்பெக்டர். புகையிலை கிட்டங்கிகளுக்கு முத்திரை வைப்பதும், இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வருகிற தங்கத்தையும் நைலான் புடவையையும் பிடிப்பதும் என் வேலை.

முதல் சந்திப்பே சண்டையில்தான் தொடங்கியது. ஒரே பஸ்ஸை நான் முன்வாசலிலும் அவர் பின்வாசலிலும் மறித்து ஏறினோம். நடுவில் சந்தித்தோம். ஒருவர் கலைத்த மூட்டையை மற்றவர் மறுபடி கலைக்க, பிரயாணிகள் எங்கள் இருவருடைய வம்சத்தையும் வாழ்த்தினார்கள். கடைசியில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு, புதையல் எடுத்தவர் மாதிரி இறங்கினார். இதற்காகவா பஸ்ஸை நிறுத்தினீர்கள் என்று எகத்தாளமாகக் கேட்டேன். "ராவுத்தரே, நீங்க தேடுற தங்கம் உள்ள வந்தா வந்த இடத்துல கெடக்கும். குட்டி போடாது. இது போடும்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் ஒரே வாசலில் ஏறினோம்.

கன்றைப் பிடுங்குவது லேசான காரியம் அல்ல. நம் ஜனங்களுக்கு வாழைக்கன்று வெறும் செடியா என்ன? சீரோடு சீராகப் போகும். மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிற தாய்க்கு மகள் மடியில் கட்டிக் கொடுப்பாள். குஜிலியம்பாறைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி கேரளத்து எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு இரண்டு கன்றுகளோடு வந்தாள். கிணற்று வாய்க்கால் ஓரத்தில் வைத்து, மகளைப் பார்க்கிறதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று கொண்டுவந்தாளாம். அரசாங்க உத்தரவு, நோய், அசுவினி எல்லாவற்றையும் ஞானம் சார் பொறுமையாகச் சொன்னார். அவர் ஒருபோதும் வெறுமனே பிடுங்க மாட்டார். ஒன்றை எடுத்தால் அரசாங்கப் பண்ணையிலிருந்து சுத்தமான கன்று ஒன்றைக் கொடுப்பார். அதையும் சொன்னார். அம்மாள் அழுதுகொண்டே கன்றுகளைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துல வந்தாலும் இப்படித்தான் பிடுங்குவீகளாய்யா?"

"பிடுங்குவேன் தாயி" என்றார் ஞானம் சார். அப்போது அவர் மகள் ரெஜினா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாக்குக் கொடுப்பதற்கு அதைவிடச் சௌகரியமான காலம் இருக்க முடியாது.

சீனப் போர் முடிந்த பிறகு எங்கே பார்த்தாலும் எல்லைப் பாதுகாப்பு பற்றிய பேச்சுத்தான். சென்னையில் ஒரு கூட்டம் கூட்டி, பட்டாளத்தில் இருந்தவர்கள், பேராசிரியர்கள், எங்களைப் போல அந்தந்த வட்டாரத்து நிலவரம் தெரிந்தவர்கள் என்று பலரை அழைத்தார்கள். கடத்தல் பற்றிப் பேச நான் போனேன். பயிரைப் பற்றிப் பேச அவர் வந்தார். காலை முழுக்க இமயமலையும் பீரங்கியுமாகப் போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண் அயர்கிற நேரத்தில், அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து முன்வரிசையில் கொடுத்தார். உள்ளே பஞ்சில் ஒட்டிய ஓர் அசுவினி. "நான் சொல்ல வந்த படையெடுப்பு இதுதான், எல்லாரும் ஒருதடவை பாத்துடுங்க" என்றார். தூக்கம் கலைந்து சபை சிரித்தது. பெரிய மீசைக்காரர் ஒருவர், இந்தப் பூச்சிக்கு எத்தனை பட்டாளம் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அதற்கும் சிரிப்பு.

ஞானம் சாரும் கூடச் சிரித்துவிட்டு, பட்டாளம் வேண்டாம், படகுத்துறையில் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் போதும் என்றார். பிறகு, காற்றுக்கும் தண்ணீருக்கும் பூச்சிக்கும் நம்முடைய எல்லைக்கோடு தெரியாது. பக்கத்து நாட்டுக்காரன் தோட்டம் நன்றாக இருந்தால்தான் நம் தோட்டம் நன்றாக இருக்கும். ஆகவே அவனோடு பேசிக்கொண்டிருப்பதும் பாதுகாப்புத்தான் என்றார். அந்தக் காலத்தில் பக்கத்து நாட்டோடு பேசு என்று மேடையில் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். மலைவாழை போய்விட்டால் பழனிப் பஞ்சாமிர்தம் என்னாவது என்று கேட்டு முடித்தார். உத்தரியம் போட்டவருக்குப் பஞ்சாமிர்தத்தின்மேல் இவ்வளவு அக்கறையா என்று ரயிலில் திரும்பும்போது சீண்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. வாய் நிறைய வாழைப்பழம் இருந்தது.

ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை என்பார்கள். அந்தச் சோதனை அவருக்கு ரெஜினாவின் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நம் பக்கத்துப் பூர்வீகம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் மிளகாய், வெங்காய வியாபாரம். சம்பந்தி சவரிமுத்து நல்ல மனிதர், சட்டென்று முகம் வாடிவிடுகிற சுபாவம். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்கு முந்திய காலம் அது. அவர்கள் கப்பலேறி வந்து, மதுரையில் ரயில் மாறி, திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கினார்கள். மாலையோடு ஞானம் சார் நின்றார். சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்றேன். மாலை போட்டாயிற்று, கட்டிப்பிடித்தாயிற்று. அப்போது சவரிமுத்துவின் சம்சாரம் மதலேனம்மாள் கையிலிருந்த ஒரு மூட்டையை மார்போடு அணைத்தபடி இறங்கினார். ஈரச் சாக்கு. ஞானம் சாருடைய மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன்.

அது அவர்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றடி வாழையிலிருந்து ஒரு கன்றைக் கொண்டுவந்து பெண் வீட்டு முற்றத்தில் நட்டுவிட்டுத்தான் தாலி. வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும் என்கிற பிரார்த்தனை. சவரிமுத்து இன்னொரு சந்தோஷத்தையும் சொன்னார். தனுஷ்கோடியில் சுங்கக்காரர்கள் பெட்டியைக் கவிழ்த்து, புடவைகளை உதறி, செருப்பின் அடியைக்கூடத் தட்டிப் பார்த்தார்களாம். கன்றைப் பார்த்ததும், வாழைக்கன்றுதானே, எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ஞானம் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் இலாகாவின் பெருமை அந்தப் பிளாட்பாரத்தில் அப்படிக் கப்பலேறியது.

"சம்பந்தி, இது வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார் அவர்.

சவரிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துவிட்டது. தன் தாயார் கையால் வைத்த வாழையின் வழி வந்த கன்று, சீக்காளிக் கன்று அல்ல என்றார். அப்படித்தான் இருக்கும், ஆனால் எனக்குத் தெரியாதே, தெரியாத ஒன்றை மலைக்கு அடியில் எப்படி நடுவது என்றார் இவர். மதலேனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்று நுழையாத வீட்டுக்குள் தானும் நுழையப் போவதில்லை என்று ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கல்யாணம் மறுநாள். பந்தல் போட்டாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ரயிலோ மதுரைக்கு எந்த நேரமும் உண்டு.

நான் அவரைத் தனியே இழுத்துப்போய் ஒரு வழி சொன்னேன். கன்று அனுமதி இல்லாமல் வந்த சரக்கு. சுங்க அதிகாரி என்ற முறையில் நான் பறிமுதல் செய்துவிடுகிறேன். கோபம் என்மேல் போகட்டும், உங்கள் சம்பந்தம் பிழைக்கும் என்றேன். நல்ல யோசனை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் ஒப்பவில்லை.

"ஒங்க தொப்பிக்குப் பின்னால நான் ஒளிஞ்சுக்கிட்டா, அந்தக் குஜிலியம்பாறை அம்மா முன்னால எப்படி நிக்கிறது ராவுத்தரே?"

சொல்லிவிட்டு உத்தரியத்தையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரே மகள். இந்த மனிதருக்கு இன்னும் கொஞ்சம் குறைவாக நேர்மை இருந்திருக்கலாமே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

விஷயம் வீட்டுக்கு எட்டி, ரெஜினா குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண் ஸ்டேஷனுக்கு வருவதா என்று கூட வந்த பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அவள் அப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. நேரே மாமனாரிடம் போனாள். நிச்சயதார்த்தத்தன்று சவரிமுத்து சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொல்லியிருந்தார்: இளவயதில் முதல்முதலாக இலங்கைக்குப் போனபோது மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி, ஊசி போட்டு, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, நாள் கணக்கில் உட்கார வைத்துத்தான் கப்பலேற்றினார்களாம். அதை அவள் மறக்கவில்லை.

"மாமா, ஒங்கள மண்டபத்துல நிறுத்தி வச்சாங்கல்ல, நீங்க சீக்காளின்னா? இல்லேன்னு தெரிஞ்சுக்கத்தானே? கன்னையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். என் கட்டிலுக்கு வாங்கின கொசுவலை புதுசா இருக்கு. மச்சில தொட்டியில வச்சு, அதுக்குள்ள நட்டுருவோம். நட்ட மாதிரியும் ஆச்சு, காத்த மாதிரியும் ஆச்சு."

முதலில் சிரித்தது மதலேனம்மாள்தான். மருமகள் தன் கட்டில் வலையைக் கன்றுக்குக் கொடுக்கிறாள் என்றால் அதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று எழுந்துவிட்டார். சவரிமுத்துவும் அரை மனதோடு பின்னால் வந்தார். ஞானம் சார் என் காதில், இவளைத்தான் என் இலாகாவில் எடுத்திருக்க வேண்டும் என்றார்.

அன்று மாலை மொட்டை மாடியில் நடந்த சடங்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தொட்டியில் கன்று. அதைச் சுற்றி நாலு மூங்கில், இரட்டையாக மடித்த கொசுவலை, அடியில் சுற்றிலும் மணல் அணைப்பு. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார். அவரை வலைக்குப் பக்கத்தில் விடுவதற்கு முன் அங்கியை உதறச் சொன்னார் ஞானம் சார். சாமியார் உதறினார். பிறகு வலைக்கு வெளியே நின்று தெளித்தார். மறுநாள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. புதுத் தம்பதிதான் பாவம், வலையில்லாமல் திண்டுக்கல் கொசுவுக்கு விருந்தானார்கள்.

ஊர் திரும்பும்போது சவரிமுத்து சிறுமலைக் கன்று இரண்டு கேட்டார். பதிலுக்குப் பதில் என்று நினைத்தாரோ என்னவோ. ஞானம் சார் அதற்கும் முடியாது என்றார். அங்கேயும் மனுசங்கதானே வாழை வச்சிருக்காங்க, நம்ம பக்கத்து நோவு எதையும் நாம அனுப்பக் கூடாது என்றார். சவரிமுத்து அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வண்டியேறினார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் ஞானம் சார் ஆள் விட்டு என்னை மாடிக்கு அழைத்தார். புதிதாக விரிந்த இலைகள் குறுகி, நெட்டுக்குத்தாக நின்றன. கண்ணாடி வைத்துக் காம்பைக் காட்டினார். தந்தி அடித்ததுபோல் கரும்பச்சையில் புள்ளியும் கோடும் ஓடியிருந்தன. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் சார் என்றேன். அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இது ஜெயிப்பாய்யா? சம்பந்தி வீட்டுக் கிணத்தடி பூராவும் இது இருக்கும். அந்தம்மா கையால வச்ச வாழை" என்றார்.

சம்பந்தியே கண்ணால் பார்க்கட்டும் என்று ஞானம் சார் கன்றை வெட்டாமல் வலைக்குள்ளேயே வைத்திருந்தார். பேரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் சவரிமுத்து வந்தபோதுதான் விஷயம் அவருக்குத் தெரிந்தது. அவரே மாடியேறினார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கிணற்றடி வாழைகள் சில வருஷமாகக் குலை தள்ளவில்லையாம். யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, சாமியாரை அழைத்து மந்திரித்துவிட்டு, மிஞ்சிய மரத்துக் கன்றை ஆசையாக எடுத்துவந்திருக்கிறார். நாம் மட்டும்தான் இப்படிச் செய்வோம். கெட்டுப்போன வாழைக்குக் கண்ணேறு கழித்து, அதன் கன்றைக் கல்யாணச் சீராகவும் கொடுப்போம். மண்ணெண்ணெயை அவரே வாங்கி, வலைக்குள் கைவிட்டு, பூச்சியும் கன்றும் சாகக் குருத்தில் ஊற்றினார். துண்டு துண்டாக வெட்டிப் புதைத்ததும் அவர்தான்.

அதன் பிறகு சவரிமுத்துவைப் பிடிக்க முடியவில்லை. கொழும்பில் தன் தோட்டத்தைக் களைந்தார். கொட்டாஞ்சேனையில் வீடு வீடாக ஏறிச் சொன்னார். இந்தியாவுக்குப் புறப்படுகிறவர்களிடம் கன்று இருக்கிறதா என்று கேட்டு, சில பேரிடம் அடி வாங்காத குறையாம். எங்கள் பஸ்களில் இலங்கைக் கன்று அகப்படுவது அருகிப்போனது. "ரெண்டு சர்க்கார் கூடிச் செய்யாததை ரெண்டு சம்பந்தி செஞ்சோம்" என்று ஞானம் சார் சொல்லிச் சொல்லி மகிழ்வார். ஒவ்வொரு தடவை ரயிலிலிருந்து இறங்கும்போதும் சவரிமுத்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். "ஒண்ணும் கொண்டாரல சம்பந்தி" என்பார். அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடிப்பது.

நோய் வரவேயில்லை என்று எழுதி அவருக்குப் புகழ் சேர்க்க நான் விரும்பவில்லை. அவரே அதைக் கிழித்துப் போட்டிருப்பார். பழனிப் பக்கத்து மலைகளில் அது கால் வைத்துவிட்டது. பாலசமுத்திரத்து வாழை வியாபாரி ஒருவர் அவர் வீட்டுக்கே வந்து, "ஏனுங்க, இனி எங்க மலைக்குக் கதி என்னங்க?" என்று கேட்டார். இவ்வளவு காலம் மறித்ததெல்லாம் வீண்தானா என்று அன்று நானும் கேட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. "வைத்தியன் சாவைத் தடுக்கிறானா ராவுத்தரே? தள்ளித்தானே போடுறான். தள்ளிப்போட்ட காலத்துல எம்புட்டுக் குலை வெட்டியிருக்கோம், கணக்குப் பாருங்க." சிறுமலையில் இன்றைக்கும் குலை வெட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் அவருடைய பங்கு உண்டு.

ஏழாம் நாள் பூசைக்கு அவருடைய சொந்த ஊரான நிலக்கோட்டைக்குப் போனேன். கல்லறையில் பரமனின் பூ குவிந்து கிடந்தது. எதை மறித்தாலும், யாரை நிறுத்தினாலும், ஞானம் சார் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எங்கேருந்து வருது தாயி?" அதட்டல் இருக்காது, விசாரிப்பு இருக்கும். இப்போது கல்யாணப் பந்தலில் வாழையைக் கண்டால் நான் குனிந்து காம்பைப் பார்க்கிறேன். கொண்டுவந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். என் வீட்டுக்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

சவரிமுத்து அன்று காலைதான் கொழும்பிலிருந்து பெட்டியோடு நேரே அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஜெபம் முடிந்து எல்லாரும் விலகிய பிறகு, ரெஜினாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்க, கல்லறைக்கு எதிரே போய் நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஒண்ணும் கொண்டாரல சம்பந்தி" என்றார்.

ரெஜினா சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன. ஞானம் சாரின் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் அவருடைய சம்பந்தியின் உள்ளங்கைகளில் இருக்கிறது.